வண்டிச் சத்தம்

விடைத்தாள் திருத்தும் பணிக்காகத் தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரிக்குப் பன்னிரண்டு நாள் போய்வந்தேன். சிறுசேரியில் இருந்து கேளம்பாக்கம், மாம்பாக்கம், கண்டிகை, வண்டலூர் என்று என் ஸ்கூட்டியில்தான் பயணம். போய்வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். கடைசி நாள் ஆளுக்கொரு பயணப்படிப் படிவம் தந்தார்கள். ‘பயணம் செய்த ஊர்தி’ என்ற கட்டத்தில் பேருந்து, ரயில், கார் என்று மூன்று வாய்ப்புகள் அச்சிடப்பட்டிருந்தன. நான் ஓரத்தில் ‘இருசக்கர வாகனம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

கணக்குப் பிரிவில் இருந்தவர் படிவத்தைத் திருப்பித் தந்தார். “டிக்கெட் இருந்தா வைங்க மேடம்.”

“ஸ்கூட்டிக்கு ஏது டிக்கெட்?”

“அது உங்க சொந்த வண்டிதானே? வேணும்னா பஸ் கட்டணம் போடலாம். ஆனா லேடீஸுக்குத்தான் பஸ் ஃப்ரீயாச்சே” என்று சிரித்தார். அவரும் பெண்தான். வாசலில் அவருடைய ஸ்கூட்டியும் நின்றிருக்கும்.

அன்று என் வரிசையில் நின்ற ஆண் பேராசிரியர் காரில் வந்திருந்தார். காருக்குக் கிலோமீட்டர் கணக்கு இருந்தது. அவருக்குப் பணம் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை, கிடைக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் காரும் அவருடைய சொந்தக் கார்தான். சொந்தம் என்ற ஒரே சொல் அவருக்கு உரிமையாகவும் எனக்கு மறுப்பாகவும் வேலை செய்ததை அன்று கவனித்தேன். தொகை சிறியது. அந்தச் சொல் மட்டும் என்னோடு வீடுவரை வந்தது. தமிழ் படித்தவளுக்குச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போவதுதானே தொழில்.

*

தென் மாவட்டங்களில் வயதானவர்களிடம் இன்னும் ஒரு சொல் இருக்கிறது: வண்டிச் சத்தம். சத்தம் என்றால் வாடகை, கூலி. மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு போனால் ‘சத்தம் எவ்வளவு?’ என்று கேட்பார்கள். வண்டி ஓடினால் அதற்கொரு விலை உண்டு என்பதை அந்தச் சொல் ஒளிக்கவில்லை.

அலுவலகத் தமிழ் அந்த இடத்தில் ‘படி’ என்ற சொல்லை வைத்திருக்கிறது. அகவிலைப்படி, பயணப்படி, வீட்டு வாடகைப்படி. படி என்பது நெல் அளக்கும் முகவை. ‘படியளக்கிறவர்’ என்றால் சோறு போடுகிறவர். களத்துமேட்டில் அளந்து போடுகிற கை ஒன்றும் ஏந்தி நிற்கிற கை ஒன்றும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. என் வண்டியில், என் பெட்ரோலில், நிறுவனத்தின் வேலையை நான் செய்து முடித்திருக்கிறேன். நான் முன்கூட்டிக் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கிறேன். சொல்லோ என்னைக் களத்தில் ஏந்தி நிற்பவளாக்குகிறது. ஈடு என்று அதைச் சொல்லிப் பார்த்தால் கேட்பவளின் குரலே மாறிவிடும்.

‘மதிப்பூதியம்’, ‘ஊக்கத்தொகை’, ‘தன்னார்வலர்’ என்று வேறு சில சொற்களும் உண்டு. மதிப்பு என்று தொடங்குகிற சொல் விலையைப் பேச இடம் தருவதில்லை. ‘தன்னார்வம்’ இன்னும் தந்திரமானது. ஆர்வத்தோடு வந்தவள் பெட்ரோலுக்குக் கணக்குக் கேட்டால் அவளுடைய ஆர்வமே சந்தேகத்துக்குள்ளாகிறது. இந்தச் சொற்கள் யாருக்கு அதிகம் வழங்கப்படுகின்றன என்று பாருங்கள். அங்கன்வாடி, சத்துணவு, சுகாதாரம், மாலைநேரக் கல்வி என்று வீட்டில் பெண் செய்வதன் நீட்சியாகக் கருதப்படும் வேலைகளுக்குத்தான். வீட்டில் இலவசமாகக் கிடைத்த உழைப்பு வாசற்படி தாண்டும்போது ‘மதிப்பூதியம்’ பெறுகிறது. அந்த உழைப்பைத் தூக்கிக்கொண்டு போகும் வண்டிக்கு அதுவும் இல்லை.

*

சங்க இலக்கியத்தில் பயணச் செலவைப் பேசும் நூல்கள் உண்டென்றால் அவை ஆற்றுப்படைகள்தான். சிறுபாணாற்றுப்படையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு வழி தெரிந்த ஊர்போல இருக்கும். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போகும் வழியில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அடையாளம் காண்கிறார்கள். சிறுசேரியில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம்.

அந்தப் பாட்டில் விறலியரின் பாதங்களுக்கு ஓர் உவமை வருகிறது: களைத்த நாயின் நாக்கு. மென்மையும் நிறமும் கருதி வந்த உவமை என்று, தலைமுதல் கால்வரையிலான அழகு வருணனையின் ஒரு பகுதியாகவே அதை எங்களுக்கு நடத்தினார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். ஆனால் நாய் ஏன் களைத்திருக்கிறது என்று ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள். ஓடியதால்தானே? அந்தப் பெண்களின் கால் நடந்து நடந்து சோர்ந்திருக்கிறது. இளையவர்கள் அதை வருடிவிடுகிறார்கள். கலைக்குழுவின் பயணச் செலவு பெண்ணின் பாதத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று இப்போது வாசிக்கிறேன்.

பாட்டின் முடிவில் நல்லியக்கோடன் தேர் தருகிறான். இழுக்கும் காளைகளோடும் ஓட்டும் பாகனோடும் தருகிறான். பொருநராற்றுப்படையில் கரிகாலன் நான்கு வெண்குதிரை பூட்டிய தேரில் பொருநனை ஏற்றி ஏழடி பின்னால் நடந்து வழியனுப்புகிறான். வண்டி கொடுத்தால் போதாது, அது ஓடுவதற்கானதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அந்தக் கொடை மரபுக்குத் தெரிந்திருக்கிறது. தேரைப் பெறுபவன் பாணன் என்பதையும் மறக்க வேண்டாம். களைத்த கால் விறலியுடையது, பரிசில் பாணன் பெயரில்.

*

இருபதாம் நூற்றாண்டில் நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிளை எழுத்தறிவுத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பாவாடை தாவணியில் பெண்கள் சைக்கிள் மிதிக்கும் காட்சி விடுதலையின் படமாக நம் நினைவில் நிலைத்துவிட்டது.

அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்த நிர்வாகத்தை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அறிவொளித் தொண்டர்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார்கள். பெண் செயல்வீரர்களுக்காக யுனிசெஃப் ஐம்பது மொபெட்டுகளை வழங்கியது. கிராமம் கிராமமாகப் போய் எழுத்துச் சொல்லிக் கொடு என்று ஒரு பெண்ணிடம் சொன்னால், எப்படிப் போவாள் என்ற கேள்விக்கும் அழைத்தவர் பதில் வைத்திருக்க வேண்டும் என்று அந்த இயக்கம் நினைத்தது. தொண்டும் ஏற்பாடும் ஒன்றுக்கொன்று பகையாக இருக்கவில்லை.

பிறகு 2018 பிப்ரவரி 24 அன்று ‘அம்மா இருசக்கர வாகனத் திட்டம்’ வந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் வண்டி வாங்க, விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது மானியம். 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. இரண்டையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். வெளியே போகக் கணவனிடம் பத்து ரூபாய் கேட்டு நிற்காத ஒரு தலைமுறையை அந்தப் பேருந்து உருவாக்கிக்கொண்டிருக்கிறது. எண்ணூற்றுச் சொச்சம் ரூபாய் ஒரு குடும்பத்துக்குப் பெரிய தொகை என்று அரசே எண்ணிச் சொன்னதும் முக்கியம்.

அந்த எண்ணிக்கையின் மறுபக்கத்தைத்தான் கேட்கிறேன். பயணத்தில் மிச்சமாகும் தொகை குடும்பத்துக்குப் பெரிதென்றால், வேலைக்காகப் பயணத்தில் கரையும் தொகையும் பெரிதுதானே? வண்டி வாங்கும் நாளில் உதவி கிடைத்தது. 2025 நிதிநிலை அறிக்கையிலும் இணையவழிச் சேவைத் தொழிலாளர் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் என்ற அறிவிப்பு வந்தது. வாங்கிய பிறகு வேலைகொடுப்பவரின் காரியமாக அது ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் யார் பொறுப்பு என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது. தேர் பாதி கிடைத்தது, காளையும் பாகனும் நம் வீட்டுக் கணக்கு.

*

சிறுசேரியைத் தகவல் தொழில்நுட்ப நகரம் என்று சொல்கிறார்கள். காலை எட்டு மணிக்கு சிப்காட் திருப்பத்தில் நின்றால் அந்த நகரத்தை இயக்கும் மற்றவர்களைப் பார்க்கலாம். மெட்ரோ வேலைக்காகக் குறுகிய சாலையில் நிறுவனப் பேருந்துகள் வரிசையாக வரும். அவற்றின் இடுக்கில் ஸ்கூட்டிகள். முன்னால் பெரிய கறுப்புப் பையைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு வரும் அழகுக்கலைப் பெண். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகும் செவிலி. பிசியோதெரபிஸ்ட். காப்பீட்டு முகவர். மாலையில் வீடு வீடாகப் போய்ச் சொல்லித்தரும் ஆசிரியை. மாதச் சம்பளக்காரருக்குக் குளிரூட்டிய பேருந்து நிறுவனச் செலவில் வருகிறது. அவருடைய அம்மாவைக் குளிப்பாட்டப் போகிற பெண் தன் பெட்ரோலில் போகிறாள்.

அழகுக்கலை வேலைக்கு எங்கள் குடியிருப்புக்கு வரும் பெண் ஒருநாள் சொன்னார்: “அக்கா, முதல் வீடு தாழம்பூர், ரெண்டாவது பள்ளிக்கரணை, மூணாவது திரும்ப நாவலூர். ஆப்ல வேலை நேரம்னு காட்டுறது மசாஜ் பண்ற நேரம் மட்டும்தான். நான் ரோட்டுல இருந்த நேரத்துல என்ன பண்ணிட்டிருந்தேன், தூங்கிட்டா இருந்தேன்?” எந்தச் செயலி என்பது இங்கே முக்கியமில்லை. 2021 அக்டோபரில் குருகிராமில் அர்பன் கம்பெனி அலுவலகத்தின் முன் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் கூடியபோது கமிஷனோடு பயணச் செலவும் பேசுபொருளாக இருந்தது. டிசம்பரில் அவர்கள் மீண்டும் போராடியபோது நிறுவனம் நீதிமன்றம் போனது. அவர்களைத் தொழிலாளர் என்று அழைக்காமல் பங்குதாரர் என்று அழைத்தால், வண்டி அவர்களுடைய முதலீடு என்றாகிவிடுகிறது. முதலீட்டுக்குப் பெட்ரோல் யார் போடுவார்கள்?

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தது. வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் வீடு வீடாகப் படிவம் கொடுத்து, வாங்கி, பூட்டிய வீடுகளுக்கு மூன்று முறையாவது திரும்பிப் போக வேண்டியிருந்தது. அந்தப் பணியில் இருந்தவர்களில் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆசிரியைகளும் ஏராளம். பக்கத்தில் உள்ள சோழிங்கநல்லூர், தமிழகத்திலேயே வாக்காளர் எண்ணிக்கையில் மிகப் பெரிய தொகுதியாகப் பேசப்பட்டது. அடுக்குமாடி வாசல்களில் அந்த மாதம் எத்தனை ஸ்கூட்டிகள் நின்றன என்று எல்லோரும் பார்த்தோம். 2025 ஆகஸ்டில்தான் அவர்களுடைய ஆண்டு மதிப்பூதியம் 6,000 ரூபாயிலிருந்து 12,000 ஆக உயர்ந்திருந்தது. நாளுக்கு முப்பத்து மூன்று ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அலைச்சலும் வெயிலும் பெட்ரோலும் ஒரே தொகைக்குள். உயர்வு வரவேற்கத்தக்கதுதான். ஆனால் செலவைத் தனியாக எழுதாத வரையில் அது செலவு என்றே தெரியாது.

*

எழுதிப் பார்ப்போம். ஓராண்டு என் ஸ்கூட்டிக்கு ஒரு நோட்டுப் போட்டேன். எங்கள் சாலை நெரிசலில் லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டர். நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோலில் கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய். சர்வீஸ் ஐம்பது காசு. டயர் பதினாறு காசு. காப்பீடு இருபத்திரண்டு காசு. வண்டி தேய்ந்து மதிப்புக் குறைவது: 95,000க்கு வாங்கியதை அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டி 20,000க்கு விற்றால், கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய். கூட்டினால் நாலரை ரூபாய்க்கு மேல். பெட்ரோல் மட்டும் தருகிறேன் என்று சொல்லும் நல்ல மனிதரும் பாதிக்குச் சற்று மேல்தான் தருகிறார். மீதி என் டயரில் இருந்து, என் முதுகெலும்பில் இருந்து போகிறது. முதுகெலும்புக்கு நான் காசு எழுதவில்லை.

இப்படிக் கணக்கிட அரசுக்குத் தெரியாதா? தெரியும். 2017 ஜூலையில் மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு வெளியிட்ட பயணப்படி ஆணையில், மாநிலங்கள் கட்டணம் நிர்ணயிக்காத இடங்களுக்குச் சொந்தக் கார் என்றால் கிலோமீட்டருக்கு 24 ரூபாய், ஆட்டோ, சொந்த ஸ்கூட்டர் போன்றவற்றுக்கு 12 ரூபாய் என்று எழுதப்பட்டிருக்கிறது. ‘சொந்த ஸ்கூட்டர்’ என்று பெயர் சொல்லியே. ஆக, சொந்த வண்டி என்பதால் தர முடியாது என்ற பதிலுக்கு விதியுலகில் அடிப்படை இல்லை. ஊழியர் என்ற பட்டியலுக்குள் இருப்பவருக்கு அந்தக் கிலோமீட்டர் நீளமானது. பட்டியலுக்கு வெளியே மதிப்பூதியத்தில் இருப்பவளுக்கு அதே கிலோமீட்டர் சுழியம்.

இது நம் நாட்டுக்கு மட்டுமான கதையில்லை. அமெரிக்காவில் சொந்தக் காரைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் 2025இல் மைலுக்கு 70 சென்ட் வரிக்கழிவு. தொண்டுக்குப் பயன்படுத்தினால் 14 சென்ட். தொழில் வீதத்தை வருவாய்த்துறை ஆண்டுதோறும் திருத்துகிறது. தொண்டு வீதம் சட்டத்திலேயே எழுதப்பட்டதால் 1998 முதல் அசையவில்லை. அதே சாலை, அதே எரிபொருள், ஐந்தில் ஒரு பங்கு. பிரிட்டனிலோ வரிவிலக்குக்கு ஊழியருக்கும் தன்னார்வ ஓட்டுநருக்கும் ஒரே அளவுகோல். எனவே இது இயற்கை விதியில்லை, யாரோ எடுத்த முடிவு. ஐரோப்பிய நீதிமன்றம் 2015இல், நிலையான பணியிடம் இல்லாதவர்கள் வீட்டிலிருந்து முதல் வாடிக்கையாளரிடம் போவதும் கடைசி வாடிக்கையாளரிடமிருந்து திரும்புவதும் வேலை நேரமே என்று தீர்ப்பளித்தது. தாழம்பூருக்கும் பள்ளிக்கரணைக்கும் இடையில் அந்தப் பெண் தூங்கவில்லை என்று ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்டதாகவே அதைப் படித்தேன்.

*

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். காசு வந்தால் தொண்டின் தூய்மை போய்விடும் என்பது முதலாவது. செலவை ஈடு செய்வது கூலி தருவதாகாது. கைக்காசு போடாமல் தொண்டு செய்ய முடியாதென்றால், கைக்காசு உள்ளவர்கள் மட்டுமே தொண்டு செய்ய முடியும். பெண்ணுக்கு அந்தக் கைக்காசு பெரும்பாலும் அடுப்படி டப்பாவில் இருந்து வருகிறது. தூய்மையின் விலையைக் குழந்தையின் பால் கணக்கில் எழுதச் சொல்பவர்கள் தங்கள் பயணச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள்.

இரண்டாவது மறுப்பு நமக்குள்ளிருந்தே வருகிறது. வண்டி நமக்கு விடுதலையில்லையா, அதைப்போய்க் கணக்காக்கலாமா? நானும் ஸ்கூட்டியைப் பற்றிக் கவிதை எழுதியவள்தான். காற்றும் துப்பட்டாவும் அதில் இருந்தன, பெட்ரோல் இல்லை. இப்போது அது ஒரு குறையாகத் தெரிகிறது. அவளுடைய சாவி அவள் கையில் இருப்பது விடுதலை. அந்தச் சாவியைக் காட்டியே ‘உனக்கென்ன, வண்டி இருக்கிறதே’ என்று கூடுதலாக மூன்று தெரு எழுதிக் கொடுப்பது சுரண்டல். ஒரே வண்டி இரண்டையும் சுமக்கிறது. கவிதை இரண்டாவதையும் சொல்ல வேண்டும்.

2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தபோது, அவர்கள் பெறும் மதிப்பூதியமும் அந்தச் சட்டத்தின் பொருளில் ஊதியமே என்றது. ஒரு சொல்லைத் திறந்து உள்ளே இருந்ததை எடுத்துக் காட்டிய தீர்ப்பு அது. அடுத்துத் திறக்க வேண்டியது ‘சொந்த வண்டி’. கேட்பதும் அதிகமில்லை. பணி ஆணையிலேயே கிலோமீட்டர் வீதம் எழுதப்பட வேண்டும். அது பெட்ரோலோடு தேய்மானத்தையும் சேர்த்திருக்க வேண்டும். ஊழியர், ஒப்பந்தக்காரர், தன்னார்வலர் என்று ஆளுக்கொரு வீதம் கூடாது. விலை ஏறும்போது அதுவும் ஏற வேண்டும். டிக்கெட் இல்லாத பயணத்துக்கு அவளுடைய கையெழுத்தே சான்றாக வேண்டும்.

மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிப் பேரிடர் நிவாரணமோ, கள ஆய்வோ, உங்கள் வண்டியை எடுக்கும் முதல் நாளே மீட்டரைப் பார்த்து எழுதிவையுங்கள். பணம் வருமோ வராதோ, கணக்கு உங்களிடம் இருக்கட்டும். எழுதாததால்தான் நம் அம்மாக்களின் உழைப்பு உழைப்பென்றே தெரியாமல் போனது.

என் படிவத்தில் கடைசியில் பேருந்துக் கட்டணமும் நான் வாங்கவில்லை. ‘இருசக்கர வாகனம், 612 கி.மீ.’ என்று மீண்டும் எழுதி, கீழே கையெழுத்திட்டு அதே பெண்ணிடம் கொடுத்தேன். அவர் நீண்ட நேரம் அந்த எண்ணைப் பார்த்தார். “பாஸ் ஆகாது மேடம்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் பல்லாவரத்துல இருந்து வர்றேன். ஸ்பெஷல் டியூட்டிக்குப் பேங்குக்கும் நானேதான் போறேன். மீட்டர் பார்த்ததே இல்ல” என்றார்.

படிவம் பாஸ் ஆகவில்லை. கோப்பில் இருக்கிறது.